கரண்ட் இல்லாத வீடு: ஒன்ராறியோவில் உறைபனி மழைக்கு ஆயத்தமாவது

ஸ்னோ எவ்வளவு கொட்டினாலும் வழித்துத் தள்ளிவிடலாம். உறைபனி மழை வேறு சாதி. மேலே பூச்சியத்துக்கு மேற்பட்ட சூட்டில் ஒரு காற்றுப் படை, அதற்குக் கீழே நிலத்தை ஒட்டி மெல்லிய குளிர்ப் படை. மேலே உருகிய துளி கீழே வரும்போது பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்துவிடும், ஆனாலும் தண்ணீராகவே இருக்கும். எதில் பட்டதோ அதிலேயே ஒட்டி உறையும். 6 மில்லிமீற்றர் தடிப்பில் சிறு கிளைகள் முறியத் தொடங்கும். 12, 13 மில்லிமீற்றர் ஏறினால் இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே தொங்கும் கம்பியில் 200 கிலோவுக்கு மேல் பாரம் கூடிவிடும்.

1998 ஜனவரியில் கிழக்கு ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் உயர் அழுத்த மின்கோபுரங்களே மடங்கி விழுந்தன. மொன்றியலுக்குத் தெற்கே சில ஊர்களுக்கு ஒரு மாதம் வரை மின்சாரம் இல்லை. 2013 டிசம்பர் 21, 22 இரவுகளில் ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. நத்தாருக்குப் பிறகும் இருட்டில் கிடந்த வீடுகள் ஸ்காபரோவில் ஏராளம். 2025 மார்ச் கடைசியில் ஒறிலியா, பீற்றர்பரோ பக்கம் அதே கதை.

மூன்றிலும் ஒரே ஒழுங்குதான். மழை ஓரிரு நாள் அல்லது சில நாள், மின்தடை அதைவிடப் பல மடங்கு. மழை பெய்யும்போது வெளியே பூச்சியத்துக்குக் கிட்டத்தான் இருக்கும். அது விட்ட பிறகுதான் பெரும்பாலும் உண்மையான குளிர் இறங்கும். ஆகவே இங்கே ஆயத்தம் என்பது கோட்டும் பூட்ஸும் அல்ல. -10 பாகையில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் உங்கள் வீடு என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு சுற்று: எது எது கரண்டில் நிற்கிறது

"எங்களுடையது காஸ் ஹீற்றிங், பிரச்சினை இல்லை" என்று நினைப்பவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். காஸ் ஃபர்னஸ் எரிவது காஸில். ஆனால் அதைப் பற்றவைக்கும் இக்னைற்றர், புகையை வெளியே தள்ளும் சிறு விசிறி, சூட்டை அறைகளுக்கு அனுப்பும் பெரிய விசிறி, இவற்றை இயக்கும் போர்ட் எல்லாம் கரண்டில். கரண்ட் போனால் ஃபர்னஸ் வெறும் இரும்புப் பெட்டி.

வோட்டர் ஹீற்றரை இப்போதே போய்ப் பாருங்கள். தாங்கியின் தலையில் விசிறிப் பெட்டியும் அதிலிருந்து சுவருக்குப் போகும் பிளாஸ்டிக் குழாயும் இருந்தால், சுவர்ப் பிளக்கில் வயர் செருகியிருந்தால், கரண்ட் இல்லாமல் அது சுடாது. தாங்கி இல்லாத புது வகையும் சுடாது. உலோகக் குழாய் நேரே சிமினிக்குப் போய், அடியில் சின்ன பைலற் சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் பழைய வகைதான் வெந்நீர் தரும். அது இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மாற்றும்போது யோசித்து மாற்றுங்கள்.

காஸ் அடுப்பின் மேல் பேர்ணர்களைப் பெரும்பாலான மொடல்களில் தீக்குச்சியால் பற்றவைக்கலாம். எச்சரிக்கை வரும் முன்னரே ஒரு நாள் பிறேக்கரை நிறுத்திவிட்டுப் பரீட்சித்துப் பாருங்கள். அடுப்பின் கீழ்ப் பெட்டியான ஓவன் பற்றாது.

பேஸ்மென்ற் குழிக்குள் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப் இருந்தால் அது கரண்ட் போன அன்று அல்ல, ஐஸ் உருகும் அன்றுதான் கழுத்தை அறுக்கும். குழிக்குள் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பம்ப் ஓடுகிறது என்று ஒரு மழை நாளில் கவனித்து வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வீட்டுக்கு 12 வோல்ற் டீப்-சைக்கிள் பற்றரியோடு வரும் மாற்று பம்ப் ஆடம்பரம் அல்ல.

இன்ரர்நெற் மோடம் வழியே வரும் வீட்டுத் தொலைபேசி கரண்டோடு சேர்ந்து செத்துவிடும். செல்போன் கோபுரங்களின் பற்றரியும் சில மணித்தியாலத்துக்குத்தான். கிணற்றுத் தண்ணீர் உள்ள வீட்டில், ஸ்ரோவில் பக்கம், அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் இருப்பவர்களுக்கு, பம்ப் நின்றால் தண்ணீரும் நிற்கும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. கட்டடத்தின் ஜெனறேற்றர் அவசர விளக்கு, தீ எச்சரிக்கை, தீயணைப்பு பம்ப், ஒரு லிஃப்ற் போன்றவற்றுக்கானது. உங்கள் வீட்டுப் பிளக்குக்கு அல்ல. மேல்மாடிகளுக்குத் தண்ணீரை ஏற்றும் பம்பும் நிற்கலாம். 18ஆம் மாடியில் முழங்கால் வலியோடு இருக்கும் அம்மம்மாவை லிஃப்ற் ஓடும்போதே கீழே, உறவினர் வீட்டுக்கு, கூட்டிக்கொண்டு போவதுதான் நல்லது. பிறகு யோசிக்க முடியாது.

தீபாவளிக்கும் முதல் ஸ்னோவுக்கும் இடையில்

வீட்டுக்குத் தண்ணீர் வரும் மெயின் வால்வ் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். பெரும்பாலும் பேஸ்மென்ற்றின் முன்பக்கச் சுவரில், தண்ணீர் மீற்றருக்கு அருகில் இருக்கும். பேஸ்மென்ற் வாடகைக்கு விட்டிருந்தால் அந்த அறை யாருடைய பக்கத்தில் இருக்கிறது, இரவில் யார் திறப்பார்கள் என்பதை இப்போதே பேசி முடியுங்கள். ஃபர்னஸ் அறையும் சம்ப் குழியும் கூட அங்கேதான். பல வருடம் திருகாத வால்வ் இறுகிப்போயிருக்கும்; ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். ஒழுகத் தொடங்கினால் இப்போது பிளம்பரைக் கூப்பிடலாம், அப்போது கூப்பிட முடியாது.

வெளிப்புறக் குழாய்க்கு உள்ளே இருக்கும் வால்வை மூடி, வெளியே குழாயைத் திறந்தபடி விடுங்கள். ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸ் பூட்டியிருந்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் வெளியேற வழியின்றி சுவருக்குள் குழாயை வெடிக்கச் செய்யும்.

மரங்கள். சில்வர் மேப்பிள், மனிற்றோபா மேப்பிள், சைபீரிய எல்ம் மூன்றும் ஐஸ் பாரத்துக்கு எளிதில் முறிபவை. ஒரே இடத்திலிருந்து V வடிவில் இரண்டு தண்டுகள் பிரியும் மரம் நடுவால் கிழியும். வீட்டுக்கு வரும் மின்கம்பிக்கு மேலே கிளை இருந்தால் நீங்களே ஏணி வைத்து வெட்ட வேண்டாம். மின் நிறுவனத்தைக் கேளுங்கள். ரொறன்ரோவில் வீட்டுக்கு முன் தெருவோரம் நிற்கும் மரம் பெரும்பாலும் மாநகரத்தின் சொத்து. மாநகர சேவை எண்ணான 311க்குச் சொன்னால் பதிவாகும். சீடர் வேலியை நவம்பரில் கயிற்றால் சுற்றிக் கட்டிவிட்டால் விரிந்து பிளக்காது.

இன்னும் இரண்டு இடம், பலரும் பார்க்காதவை. ஒன்று, பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை அல்லது சாம்பல் நிற பிளாஸ்டிக் குழாய்கள். அவை ஃபர்னஸின் மூச்சுக் குழாய்கள். செடி, குப்பைத்தொட்டி, ஸ்னோக் குவியல் எதுவும் அவற்றை மறிக்கக் கூடாது. மற்றது காஸ் மீற்றர். மேலே தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில் மீற்றர் இருந்தால், பீலியைத் துப்புரவாக்கி அல்லது திசை திருப்பி அந்தச் சொட்டலை நிறுத்துங்கள். மீற்றரோடு உள்ள வட்டமான அழுத்தச் சீராக்கியில் ஒரு சிறு காற்றுத் துளை உண்டு. அது ஐஸால் அடைபட்டால் காஸ் அழுத்தம் தாறுமாறாகும்.

காபன் மொனொக்சைட் அலாரத்தின் பின்பக்கத்தைத் திருப்பி முடிவுத் திகதியைப் பாருங்கள். ஏழு முதல் பத்து வருடம்தான் அதன் ஆயுள். சுவரில் செருகும் வகை என்றால் உள்ளே மாற்றுப் பற்றரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் மிகவும் தேவைப்படும் இரவில் அது ஊமை. 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில், எரிபொருளால் இயங்கும் கருவியோ நெருப்பிடமோ வீட்டோடு ஒட்டிய கராஜோ உள்ள வீட்டில், படுக்கையறைகளுக்கு அருகில் மட்டுமன்றி ஒவ்வொரு மாடியிலும் இந்த அலாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

எச்சரிக்கை வந்ததும்

சுற்றாடல் கனடா ஒரு நாளுக்கு முன்னரே பெரும்பாலும் சொல்லிவிடும். அந்த நேரம் கடையில் வரிசை நிற்பதை விட வீட்டில் செய்ய வேண்டியவை அதிகம்.

- வீட்டை இரண்டு மூன்று பாகை கூடுதலாகச் சூடாக்குங்கள். சுவரும் தளபாடமும் வாங்கிவைத்த சூடு பல மணித்தியாலம் உதவும்.
- போன்கள், பவர் பாங்குகள், ரோர்ச் லைற்றுகளைச் சார்ஜ் செய்யுங்கள். தலையில் கட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று இருந்தால் கை இரண்டும் சும்மா இருக்கும்.
- ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் வீதம் மூன்று நாளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர். நான்கு பேருக்கு 48 லீற்றர். இது தவிரக் குளியல் தொட்டியை நிரப்புங்கள், அது ரொய்லற்றுக்கு. வாளியால் ஒரே மூச்சில் ஊற்றினால் 6 லீற்றரில் வேலை முடியும். சிறு பிள்ளைகள் இருந்தால் குளியலறைக் கதவைப் பூட்டி வையுங்கள்.
- கராஜ் கதவை மின் மோட்டாரிலிருந்து விடுவிக்கும் சிவப்புக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கதவின் அடி றப்பர் தரையோடு உறைந்திருக்கும்போது பட்டனை அழுத்தினால் மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்துபோகும். அடி றப்பரில் சிலிக்கோன் ஸ்பிறே பூசினால் ஒட்டாது.
- காரில் பெற்றோல் நிரப்புங்கள். ஏ.ரி.எம். இயங்காது, கடைகளில் கார்ட் வாங்கமாட்டார்கள். கையில் கொஞ்சம் காசு இருக்கட்டும்.
- பற்றரி ரேடியோ. ரொறன்ரோவில் சி.பி.சி. 99.1 எஃப்.எம்.

சாப்பாட்டில் நம் வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. சத்துமா, அவல், பேரீச்சம்பழம், ரின் மீன், பாண், நிலக்கடலை, மிக்சர் எல்லாம் அடுப்பே கேளாதவை. எச்சரிக்கை வந்த அன்றே சோறும் கறியும் பெருமளவில் சமைத்து வைப்பது அவ்வளவு புத்தி அல்ல. சமைத்த சோறு கெட்டுப்போகும், அவல் கெடாது. தேர்மோஸ் போத்தல்கள் இருந்தால் எல்லாவற்றிலும் கொதிநீர் நிரப்பி மூடுங்கள்.

கரண்ட் போன பிறகு: ஒரே அறை

வீடு முழுவதையும் காப்பாற்ற முயல வேண்டாம். ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள்: சிறியது, கூரை தாழ்ந்தது, முடிந்தால் தெற்குப் பார்த்த சன்னல் ஒன்று உள்ளது. திறந்த மாடிப்படியோடு இணைந்த பெரிய ஹோல் சரிவராது. சூடு மேலே ஏறிப் போய்விடும். கதவின் அடியில் சுருட்டிய துவாயை வையுங்கள். சன்னலுக்குக் கம்பளி தொங்கவிடுங்கள், ஆனால் வெயில் விழும் நேரம் விலக்குங்கள். மெத்தைகளை நிலத்தில் நெருக்கமாகப் போட்டு எல்லோரும் சேர்ந்து படுங்கள். உடம்புக்கு அடியிலும் கம்பளி வேண்டும். நிலம் உறிஞ்சும் சூடு மேலே இழக்கும் சூட்டைவிடக் குறைந்ததல்ல. சிறு பிள்ளைகள் இருந்தால் சின்னக் கூடாரம் ஒன்றை அறைக்குள் விரித்தால் உள்ளே சில பாகை கூடும், அவர்களுக்கும் கொண்டாட்டம்.

வயதானவர்கள் குளிர்கிறது என்று சொல்லமாட்டார்கள். வீட்டில் சாரத்தோடும் சட்டையோடும் நடமாடிப் பழகியவர்கள் அப்படியே இருப்பார்கள். தொப்பி, இரண்டு சோடி மேசு, இரண்டு அடுக்கு உடுப்பு போட்டுவிடுங்கள். நடுக்கம் நல்ல அறிகுறி. நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுங்குவதை நிறுத்தி, பேச்சுக் குழறி, நித்திரை தூங்கினால் உடல் வெப்பம் 35 பாகைக்கும் கீழே போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு 911ஐ அழையுங்கள்.

அறை 10 பாகைக்குக் கீழே இறங்கி, கரண்ட் வரும் நேரம் தெரியாவிட்டால், கிளம்புங்கள். கைக்குழந்தையும் நோயாளியும் இருந்தால் அதற்கு முன்பே. எங்கே சூடான மையம் திறந்திருக்கிறது என்று 311 அல்லது சமூக சேவைத் தகவல் எண்ணான 211 சொல்லும். வீட்டைப் பிடித்துக்கொண்டு இருப்பதில் வீரம் இல்லை.

இன்சுலின் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்ஜ் நின்றால் பலரும் அதைச் சன்னல் விளிம்பிலோ டெக்கிலோ வைக்கிறார்கள். உறைந்த இன்சுலினை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது, எறிய வேண்டும். பாவனையில் உள்ள போத்தல் அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் இருக்கலாம் (உங்களுடைய வகைக்கு எத்தனை நாள் என்று பெட்டியில் உள்ள தாளில் இருக்கும்). சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

உயிரை எடுப்பது குளிரை விடப் புகை

2013 புயலில் ஒன்ராறியோவில் இறந்தவர்களில் காபன் மொனொக்சைட் வாயுவால் இறந்தவர்களும் உண்டு. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தலையிடி, குமட்டல், தலைச்சுற்று என்று ஃப்ளூ மாதிரியே தொடங்கும். காய்ச்சல் இல்லாமல் வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை இடித்தால், வெளியே போனதும் குறைந்தால், சந்தேகமே வேண்டாம். எல்லோரும் வெளியேறி 911ஐ அழையுங்கள். உள்ளே நின்று அழைக்க வேண்டாம்.

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து ஒன்று கராஜ். மணம் வீட்டுக்குள் வராமல் மீன் பொரிக்கவும் பொங்கல் பொங்கவும் கராஜில் காஸ் சிலிண்டரும் அடுப்பும் வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. நல்ல நாளில் பெரிய கதவு திறந்திருக்கும். ஐஸ் மழையில் கதவு உறைந்து மூடிக் கிடக்க, அதே அடுப்பை அங்கே பற்றவைத்தால் புகை வீட்டுக் கதவின் இடுக்கால் உள்ளே வரும். கதவைப் பாதி திறந்துவிட்டால் போதும் என்பதும் தவறு. கரி அடுப்பு, பார்பிகியூ, காம்ப் ஸ்ரோவ், ஜெனறேற்றர், ஓடும் கார் எதுவும் கராஜில் வேண்டாம். போன் சார்ஜ் செய்யக் காரை முற்றத்தில் நிறுத்துங்கள். சைலன்சர் வாயை ஐஸ் மூடவில்லை என்று பார்த்து ஓடவிடுங்கள்.

குசினிக் காஸ் அடுப்பில் சமைக்கலாம், அறையைச் சூடாக்கக் கூடாது. புகையை உறிஞ்சும் விசிறியும் நின்றுவிட்டது என்பதை மறக்க வேண்டாம். சமைக்கும் நேரம் சன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். ஓவன் கதவைத் திறந்துவிட்டு குளிர்காய்வது நச்சு வாயுவுக்கும் நெருப்புக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு. சாமி அறையில் குத்துவிளக்கு எரிய யாரும் நித்திரைக்குப் போக வேண்டாம், சாம்பிராணிக்குக் கரியும் அன்றைக்கு வேண்டாம். வெளிச்சத்துக்குப் பற்றரி விளக்கே போதும்.

ஜெனறேற்றர் வைத்திருப்பவர்களுக்கு

வீட்டிலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி, புகை வாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்க, சன்னலுக்கும் ஃபர்னஸ் மூச்சுக் குழாய்க்கும் எட்டாமல். மழை படாமல் திறந்த பக்கங்களோடு ஒரு கூரை. வயர் 12 கேஜ், வெளிப்பாவனைக்கானது. மெல்லிய வயரில் வோல்ற் இறங்கி மோட்டார்கள் சூடேறிக் கருகும்.

என்ன ஓட்டலாம்? ஃபர்னஸ் விசிறி 400 முதல் 800 வாற்ஸ். பிரிட்ஜ் ஓடும்போது 200க்கு உட்பட்டுத்தான், தொடங்கும் கணம் அதைப்போல ஐந்தாறு மடங்கு. மூன்றிலொரு குதிரைவலு சம்ப் பம்ப் ஓடும்போது 800, தொடங்கும்போது 1,300க்கு மேல். 2,000 வாற்ஸ் இயந்திரம் இவற்றை ஒவ்வொன்றாகத் தாங்கும். எல்லாம் ஒரே கணத்தில் தொடங்கினால் அடங்கிவிடும். ஃபர்னஸை ஒரு மணித்தியாலம், பிரிட்ஜை ஒரு மணித்தியாலம் என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

சிக்கல் இங்கேதான்: ஃபர்னஸுக்குப் பிளக் கிடையாது. நேரே சுவரிலுள்ள சுவிச்சோடு வயர் பண்ணியிருக்கும். இரண்டு முனையிலும் ஊசி வைத்த வயர் ஒன்றைச் செய்து சுவர் சொக்கற்றுக்குள் கரண்டைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. அந்தக் கரண்ட் மெயின் வழியே வெளியே போய், ட்ரான்ஸ்ஃபோர்மரில் ஆயிரக்கணக்கான வோல்ற்றாக உயர்ந்து, கம்பியைத் திருத்திக்கொண்டிருக்கும் ஊழியரைக் கொல்லும். கோடையிலேயே உரிமம் பெற்ற எலக்ரீஷியனைக் கொண்டு, வெளிக் கம்பியிலிருந்து பிரித்து ஜெனறேற்றருக்கு மாற்றும் ட்ரான்ஸ்ஃபர் சுவிச் பூட்டுங்கள்.

சுவிச் பூட்டியும் ஃபர்னஸ் பற்றி, சில வினாடியில் அணைந்து, மூன்று தரம் முயன்றுவிட்டுப் பூட்டிக்கொண்டால் ஃபர்னஸ் பழுது என்று நினைக்க வேண்டாம். சுடர் எரிகிறதா என்பதை ஃபர்னஸ் நிலத்தொடர்பு வழியாக ஓடும் நுண்ணிய மின்னோட்டத்தால் அறிகிறது. சிறிய இன்வேட்டர் ஜெனறேற்றர்கள் பலவற்றில் நியூட்ரல் நிலத்தோடு தொடுக்கப்படாமல் இருக்கும்; ஃபர்னஸுக்குச் சுடர் தெரியாது. எலக்ரீஷியனிடம் சுவிச் பூட்டும்போதே உங்கள் ஜெனறேற்றரை இணைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

குளிருக்கு 5W-30 சிந்தெற்றிக் எண்ணெய். மாதம் ஒருமுறை 20 நிமிடம், ஏதாவது பாரம் கொடுத்து ஓட்டுங்கள். போன வருடத்துப் பெற்றோலோடு இந்த வருடம் தொடங்காது. சூடான இயந்திரத்துக்குப் பெற்றோல் ஊற்ற வேண்டாம். நிறுத்தி ஆறவிட்டு ஊற்றுங்கள்.

லித்தியம் பவர் ஸ்ரேஷன் வாங்குவோர் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: பூச்சியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் பற்றரி கெடும். கராஜில் வைக்காமல் ஆட்கள் இருக்கும் அறையிலேயே வையுங்கள்.

குழாய்கள்

வெளிச்சுவர் ஓரமுள்ள சிங்குகளின் அலுமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். அந்தக் குழாய்களில் நூல்போலத் தண்ணீர் ஓடவிடுங்கள், சுடுநீர்ப் பக்கமும் சேர்த்து. சம்ப் பம்ப் ஓடாத வீட்டில் அந்தத் தண்ணீர் குழிக்குள் போகவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

வீட்டுக்குள் 5 பாகையை நெருங்கினால், அல்லது வீட்டை விட்டுப் போவதாக இருந்தால், தண்ணீரை வடித்துவிடுங்கள். வோட்டர் ஹீற்றரின் காஸ் திருகியைப் பைலற் நிலைக்குக் கொண்டுவாருங்கள்; மின்சார வகையென்றால் பிறேக்கரை நிறுத்துங்கள். பிறகு மெயின் வால்வை மூடுங்கள். மேல்மாடிக் குழாய் ஒன்றைத் திறந்தால் காற்று உள்ளே வரும். பேஸ்மென்ற் சலவைத் தொட்டிக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வெளியே போகும். ரொய்லற்றுகளை ஒருமுறை அழுத்துங்கள். ஒவ்வொரு சிங்கிலும் வளைகுழாய்க்குள் ஒரு கோப்பை, ரொய்லற் கிண்ணத்தில் இரண்டு மூன்று கோப்பை இளஞ்சிவப்பு அன்ரிஃபிறீஸ் ஊற்றுங்கள். ட்ரெயிலர், கொற்றேஜ் பாவனைக்கென்று விற்பார்கள். காருக்கான அன்ரிஃபிறீஸ் கடும் நஞ்சு, அதை ஊற்ற வேண்டாம்.

உறைந்துபோன குழாயைக் கண்டால் குழாய் வாயைத் திறந்துவிட்டு, வாய்ப் பக்கமிருந்து தொடங்கி உறைந்த இடம் நோக்கி வெந்நீர்த் துணியால் சூடேற்றுங்கள். நடுவில் தொடங்கினால் உருகிய நீருக்குப் போக வழியில்லாமல் குழாய் வெடிக்கும். நெருப்பு கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

டீப் ஃபிறீசர் நிறைய மீனும் ஆட்டிறைச்சியும்

திறக்காத பிரிட்ஜ் 4 மணித்தியாலம். நிறைந்த ஃபிறீசர் 48 மணித்தியாலம், பாதி நிறைந்தது 24. காலியிடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பி முன்னரே உறையவைத்தால் பாதி நிறைந்ததும் நிறைந்ததாகிவிடும். கரண்ட் போன பிறகும் இதைச் செய்யலாம்: வெளியே -5க்குக் கீழே இருந்தால் ஐஸ்கிறீம் வாளிகளில் தண்ணீர் வைத்து உறையவிட்டு அந்தக் கட்டிகளை உள்ளே அடுக்குங்கள். இறைச்சியையே டெக்கில் வைப்பது வேண்டாம்; பகல் வெயில் பட்டால் சூடேறும், இரவில் றக்கூன் வரும்.

ஒரு கோப்பை ஐஸின் மேல் ஒரு நாணயத்தை வைத்து ஃபிறீசரில் வைத்துவிடுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, எறியுங்கள். கட்டியில் ஐஸ் படிகம் இன்னும் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். 4 பாகைக்கு மேல் இரண்டு மணித்தியாலத்துக்குக் கூட இருந்த மீன், இறைச்சி, பால், சமைத்த கறி எதையும் மணந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம். புளியும் மிளகாயும் மணத்தை மறைக்கும்.

வெளியே

அறுந்து கிடக்கும் கம்பிக்கு 10 மீற்றர் கிட்டப் போகாதீர்கள். தீப்பொறி இல்லை, சத்தம் இல்லை என்பது கரண்ட் இல்லை என்பதாகாது. காரின் மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே இருந்து 911ஐ அழையுங்கள்.

ஐஸ் மூடிய மரத்தை உலுக்கவோ கிளைகளைத் தட்டவோ வேண்டாம். உறைந்த கிளை வளையாது, முறியும். அப்படியே விட்டுவிட்டால் பெரும்பாலும் தானே நிமிரும். மரத்துக்குக் கீழே காரை நிறுத்தாதிருந்தால் போதும்.

ஃபர்னஸ் மூச்சுக் குழாயின் வாயைப் புயலின் போது சில தடவை பாருங்கள். கரண்ட் இருந்தும் ஃபர்னஸ் நின்றுவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். ஐஸ் அடைத்தால் அழுத்தச் சுவிச் ஃபர்னஸை நிறுத்திவிடும். கையால் உடைத்தெடுங்கள். காஸ் மீற்றரில் ஐஸ் பிடித்திருந்தால் கையாலோ மென்மையான தூரிகையாலோ எடுங்கள். சுத்தியல், சவள், உதை எதுவும் கூடாது. தடிப்பாக இறுகியிருந்தால் காஸ் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

உப்பு. சாதாரணக் கல்லுப்பு -10 பாகை வரைதான் வேலை செய்யும். அதற்குக் கீழே கல்சியம் குளோரைட் வகை வேண்டும். கடுங்குளிரில் எதுவுமில்லாவிட்டால் மணல், அது உருக்காது ஆனால் காலைப் பிடிக்கும். மழை தொடங்கும் நேரத்தில் மெல்லத் தூவினால் ஐஸ் சீமெந்தோடு ஒட்டாது, பிறகு பலகை பலகையாகக் கிளப்பலாம். இறுகிய பின் மூட்டை மூட்டையாகக் கொட்டுவதில் பயன் குறைவு. 350 கிராம், அதாவது ஒரு பெரிய தேநீர்க் கோப்பை, 6 மீற்றர் முற்றத்துக்குப் போதும். ஒரு வருடத்துக்கு உட்பட்ட புதுச் சீமெந்துக்கு உப்பே வேண்டாம், மேற்பரப்பு உரியும். கார்க் கண்ணாடியில் கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். ஐசோப்ரொபைல் அல்ககோல் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து தெளியுங்கள்.

பூட்ஸுக்கு மாட்டும் இரும்பு முள் பட்டி ஒரு சோடி வாசலில் தொங்கட்டும். உள்ளே ஓட்டுத் தரையில் அதைப் போட்டு நடந்தால் வழுக்கும், வாசலிலேயே கழற்றுங்கள்.

தெருவெல்லாம் வெளிச்சம், உங்கள் வீடு மட்டும் இருட்டு

இது 2013இல் பலரைத் திகைக்க வைத்தது. கூரை ஓரத்தில் மின்கம்பி வந்து சேரும் உலோகக் குழாய், மீற்றர் பெட்டி, அவற்றைச் சுவரில் பிடிக்கும் கொழுவிகள் வீட்டுக்காரரின் சொத்து. கம்பியும் மீற்றரும் மட்டுமே நிறுவனத்தினுடையவை. கிளை விழுந்து குழாய் பிடுங்கப்பட்டிருந்தால், மின் நிறுவனம் வந்து பார்த்து, இணைக்காமல் போய்விடும். உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் குழாயைத் திருத்தி, மின் பாதுகாப்பு அதிகாரசபையின் பரிசோதனை முடிந்த பின்தான் இணைப்பு வரும். ஆகவே விடிந்ததும், தள்ளி நின்று, உங்கள் கூரைக் குழாய் நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் தெருவுக்குக் கரண்ட் வரும்வரை காத்திராமல் அன்றே ஒப்பந்தக்காரரைப் பிடியுங்கள். அடுத்த நாள் அவருக்கு முன்னால் நூறு வீடு இருக்கும். திருத்தும் முன் படம் எடுத்து வையுங்கள், காப்புறுதிக்கு வேண்டும்.

கரண்ட் போனதுமே அடுப்பு, ட்ரையர், பேஸ்போர்ட் ஹீற்றர், டிஷ்வோஷர், கணினி எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு விளக்கை மட்டும் போட்ட நிலையில் விடுங்கள். கரண்ட் வரும் கணத்தில் தெருவில் எல்லா வீட்டு ஹீற்றரும் ஒன்றாக இழுத்தால் திரும்பவும் விழும். விளக்கு எரிந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து முதலில் ஃபர்னஸ், பிறகு பிரிட்ஜ், மற்றவை ஒவ்வொன்றாக. தண்ணீரை வடித்திருந்தால் வீடு சூடான பின், மெயின் வால்வைக் கால் பங்கு மட்டும் திறந்து, ஒருவர் பேஸ்மென்ற்றிலும் ஒருவர் மேலேயும் நின்று ஒழுகும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். குழாய்களில் காற்றுப் போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகே வோட்டர் ஹீற்றரைப் போடுங்கள். தாங்கி நிரம்பாமல் மின்சார ஹீற்றரைப் போட்டால் உள்ளே உள்ள சூடேற்றும் கம்பி நிமிடத்தில் எரிந்துவிடும். சம்ப் குழிக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி பம்ப் எழும்புகிறதா என்று பாருங்கள். ஐஸ் உருகித் தண்ணீர் வருவது இனித்தான்.